பேசும்போது எத்தனை வோல்ட்? வண்டியில் வானொலிப் பெருக்கி பொருத்தும் முன்

இரவில் சுவரைப் பார்த்து நிறுத்திய கார் ஒன்றில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். சுவரில் விழும் முகப்பு விளக்கின் வெளிச்சம் ஒவ்வோர் அசைக்கும் கொஞ்சம் மங்கி, மீண்டும் தெளிகிறது. கதவைத் திறந்து பார்க்கவே வேண்டாம்: உள்ளே வானொலிக் கருவியின் திறனைக் கூட்டும் பெருக்கி ஒன்று இருக்கிறது, அதற்குத் தேவையான மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

அமெச்சூர் வானொலிக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வதற்கு வந்து, 100 வாட் கருவியை வண்டியில் பொருத்திச் சில மாதம் பேசியவர்கள் அடுத்ததாக 500 வாட் பெருக்கியைத்தான் கண் வைக்கிறார்கள். பொருத்தலாம், தவறில்லை. ஆனால் பெருக்கியை வாங்கிய பிறகு கம்பியைப் பற்றி யோசிப்பது, யானையை வாங்கிய பிறகு கொட்டகையை அளப்பது போன்றது. இந்தக் கட்டுரையில் அளவுதான் முதலில், வாங்குவது பிறகு.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. 100 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போனால் கிடைக்கும் ஆதாயம் 7 டெசிபெல் (திறன் எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் அலகு). கேட்பவரின் கருவியில் சமிக்ஞை அளவியின் ஒரு படி 6 டெசிபெல். அதாவது அவருடைய முள் ஒரு படியைத் தாண்டிச் சற்றே நகரும், அவ்வளவுதான். 80 மீட்டர் அலைவரிசையில் காரின் குட்டை ஆன்டெனா, தனக்கு வந்த திறனில் சில சதவீதத்தை மட்டுமே வானில் அனுப்புகிறது. மிச்சம் சுருளிலும் தரை இழப்பிலும் சூடாகிப் போகிறது. நல்ல சுருள், சற்று நீளமான ஆன்டெனா, ஆன்டெனாவின் அடியில் வண்டியின் உடலோடு ஒழுங்கான இணைப்பு ஆகிய மூன்றையும் சரிசெய்தால் அந்த 7 டெசிபெலில் பெரும்பங்கு ஓர் ஆம்பியர்கூடக் கூடுதலாகச் செலவாகாமல் கிடைத்துவிடும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்காதவன்தான், ஆகவே மேலே தொடர்கிறேன். உங்கள் உரிமம் எத்தனை வாட்டை அனுமதிக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

முதல் படி: பெருக்கி கேட்கும் ஆம்பியர்

பெட்டியின் மேல் 500 வாட் என்று எழுதியிருப்பது ஆன்டெனாப் பக்கம் வெளிவரும் திறன். பேட்டரிப் பக்கம் உள்ளே போவது வேறு. டிரான்சிஸ்டர் பெருக்கிகளின் செயல்திறன் ஏறக்குறைய 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 500 வாட் வெளியே வர 1,000 வாட் உள்ளே போகவேண்டும். அதை 13.8 வோல்ட்டால் வகுத்தால் 72 ஆம்பியர். பெருக்கியைத் தூண்டும் வானொலிக் கருவியும் அதே பேட்டரியில்தான் உண்கிறது; முழு 100 வாட்டில் அது 20 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும், பாதித் திறனில் ஓட்டினால் 14 ஆம்பியர் அளவில் இருக்கும். கூட்டினால் உச்சத்தில் 85 ஆம்பியரைத் தொட்டுவிடுகிறது. கீழே வரும் கணக்குகளில் இந்த 85-ஐயே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கருவிக்கு அதன் கையேட்டில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 85 இடைவிடாமல் ஓடுவதில்லை என்பதுதான் விஷயத்தின் மையம். ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் (குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் திறன் கூடிக் குறையும் பேச்சு முறை) நீங்கள் ‘வணக்கம்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வ’வில் மின்னோட்டம் எழும்புகிறது, ‘ண’வில் உச்சிக்குப் போகிறது. அடுத்து வரும் ‘க்க’வில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தொண்டை அடைத்து ஒலியே இல்லை, மின்னோட்டம் தரைக்கு இறங்கிவிடுகிறது. ‘கம்’மில் மறுபடி எழும்பி, ‘ம்’மில் மெல்ல அடங்குகிறது. ஒரே சொல்லுக்குள் இரண்டு மலை, ஒரு பள்ளம். எனவே பேசும் நேரத்துச் சராசரி, உச்சத்தில் 20 முதல் 30 சதவீதம்தான். மெல்லிய ஒலிகளையும் உயர்த்தும் பேச்சுச் செறிவூட்டியைப் போட்டால் 40, 50 வரை போகும். நம் 85 ஆம்பியருக்குச் சராசரி 25 ஆம்பியர் என்று வைத்தால், பாதி நேரம் கேட்பதிலேயே கழிவதால், கேட்கும்போது கருவி இழுக்கும் சிறு மின்னோட்டத்தையும் சேர்த்து மொத்த உரையாடலுக்கு 13, 14 ஆம்பியர்தான் ஆகிறது. மோர்ஸ் குறியீட்டில் சராசரி சுமார் 40 முதல் 50 சதவீதம். எஃப்எம், தொலைத்தட்டச்சு போன்றவற்றில் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து விடும்வரை முழு மின்னோட்டம். பல பெருக்கிகளை அந்த முறைகளில் பாதித் திறனுக்குமேல் ஓட்டவே கூடாது.

சராசரி 14 என்றால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் எந்த ஆல்டர்னேட்டரும் கொடுத்துவிடுமே என்று தோன்றும். சராசரியில் சிக்கல் இல்லை. அந்த ‘ண’வில்தான் சிக்கல்.

இரண்டாம் படி: ஆல்டர்னேட்டர் உண்மையில் என்ன தருகிறது

ஆல்டர்னேட்டரின் மேல் 100 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், அது அதன் தண்டு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது, அறை வெப்பநிலையில் அளந்த எண். சில உறைகளில் சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள் இருக்கும். சின்ன எண் 1,500 சுற்றில் கிடைப்பது, பெரிய எண் 6,000-இல் கிடைப்பது. எஞ்சினை விட ஆல்டர்னேட்டர் இரண்டரை, மூன்று மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்பதால், ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, 750 சுற்றில் இருக்கும் எஞ்சின் அதை 2,000 சுற்று அளவில்தான் ஓட்டும். அந்த வேகத்தில் அச்சிட்ட எண்ணில் பாதிதான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. எஞ்சின் அறை சூடேறிய பிறகு அதிலும் குறையும்.

கையில் வரும் அந்த 50 ஆம்பியரும் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. எரிபொருள் பம்பு, எஞ்சின் கணினி, முகப்பு விளக்கு, குளிர்சாதனத்தின் விசிறி, ரேடியேட்டர் விசிறி என்று வரிசையில் முன்னால் பலர் நிற்கிறார்கள். எல்லாமே ஓடும் இரவில் 40 ஆம்பியர் அவற்றுக்கே போய்விடும்.

இதோடு ஒரு தாமதமும் சேர்கிறது. ஆல்டர்னேட்டரின் உள்ளே சுழலும் சுருளில் மின்னோட்டம் உடனே ஏறாது. இன்றைய வண்டிகளில் அதை வேண்டுமென்றே இன்னும் மெதுவாக்கியிருக்கிறார்கள்: திடீர்ச் சுமையால் ஐடிலிங்கில் எஞ்சின் தடுமாறி நின்றுவிடாதபடி, உற்பத்தியைச் சில வினாடிகளில் படிப்படியாக ஏற்றுகிறது கட்டுப்பாட்டுப் பெட்டி. 70 ஆம்பியருக்கு 1 கிலோவாட். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் பெல்ட் வழியாக எஞ்சின் தரவேண்டியது இரண்டு குதிரைத்திறனுக்கு மேல். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் ஆல்டர்னேட்டர் சில வினாடி யோசிப்பதற்குள் நீங்கள் ‘வணக்கம்’ சொல்லி, பெயர் சொல்லி, ஊரும் சொல்லி முடித்திருப்பீர்கள்.

ஆகவே உச்சங்களுக்குப் பணம் போடுவது பேட்டரி. இடைவெளிகளில் அந்தக் கடனை அடைப்பது ஆல்டர்னேட்டர். இந்தக் கொடுக்கல் வாங்கல் மனத்தில் நின்றால் மற்றவை எல்லாம் எளிது. எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட்டில் இருக்கும் இணைப்பு, பேச்சின் உச்சத்தில் பேட்டரியின் சொந்த அழுத்தத்துக்கு, அதாவது 12.5-க்குப் பக்கத்தில் இறங்கும். பேட்டரியின் உள்தடை 6 மில்லி ஓம் என்றால் 85 ஆம்பியரில் அதுவும் அரை வோல்ட்டை விழுங்கும். குளிரிலும் மூப்பிலும் அந்தத் தடை கூடுகிறது. நான்கு வருடம் உழைத்த பேட்டரியை வைத்துக்கொண்டு புதுப் பெருக்கி பொருத்தாதீர்கள்.

மூன்றாம் படி: உங்கள் வண்டியை அளப்பது

இரண்டு கருவிகள் தேவை. ஒன்று, குறைந்த அளவைப் பிடித்து வைத்துக் காட்டும் வசதியுள்ள மல்டிமீட்டர். மற்றொன்று, நேர்மின்னோட்டத்தை அளக்கும் கவ்வி மீட்டர். மலிவான கவ்வி மீட்டர்கள் பல மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும்; வாங்கும் முன் கேளுங்கள். அளக்கும் முன் பூச்சியப் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள்.

எஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் சூடேறட்டும். கவ்வியை பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டுங்கள். சட்டைக் கை பெல்ட்டுக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் மின்னோட்டம் பேட்டரிக்குள் போய்க்கொண்டிருக்கும். இப்போது முகப்பு விளக்கு, குளிர்சாதன விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஓர் இடத்தில் எண்ணின் குறி மாறும். பேட்டரிக்குள் போனது பேட்டரியிலிருந்து வெளியே வரத் தொடங்கும். அந்த இடம்தான் ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டரின் எல்லை. உடனே கவ்வியை ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளுக்கு மாற்றி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகப் போட்டு ஓட்டும் சாதனங்களின் செலவை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது உங்கள் பங்கு. நெரிசலில் நிற்கும்போது அது பெரும்பாலும் ஒற்றை இலக்கமாகவே இருக்கும். சாலையில் ஓடும்போது நிலைமை பல மடங்கு மேல்; எஞ்சின் 2,000 சுற்றுக்கு வந்துவிட்டால் அச்சிட்ட எண்ணை நெருங்கிவிடுகிறது.

நான்காம் படி: கம்பி

புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். செம்புக் கம்பியின் தடையை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம்: 17.2-ஐக் கம்பியின் குறுக்குவெட்டால், சதுர மில்லிமீட்டரில், வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை மில்லி ஓம் என்று வந்துவிடும். நீளத்தைக் கணக்கிடும்போது போக 5 மீட்டர் என்றால் வர 5 மீட்டர், மொத்தம் 10. பலர் வருவதை மறந்துவிடுகிறார்கள்.

பேட்டரி முன்னால், பெருக்கி டிக்கியில். மொத்தம் 10 மீட்டர், 85 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 2.4 வோல்ட், பேச்சே இல்லை, ஒதுக்கிவிடலாம். 16-இல் 0.9 வோல்ட். 25-இல் 0.6. 35-இல் 0.4. அரை வோல்ட்டுக்குள் நிறுத்துவதே என் வழக்கம், ஆகவே 35-ஐத்தான் போடுவேன். விலையைப் பார்த்து 25-இல் நின்றுகொள்பவரோடு சண்டை போட மாட்டேன். 16-க்குக் கீழே போகிறவரோடு போடுவேன்.

செம்பு பூசிய அலுமினியக் கம்பி ஒன்று சந்தையில் உண்டு. மேலே பார்த்தால் செம்புதான்; ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அதே தடிமனில் அதன் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எடைக்கும் விலைக்கும் ஆசைப்பட்டு அதை வாங்காதீர்கள்.

கம்பியின் முனைகளில் லக்கை (போல்ட்டில் மாட்டும் உலோக முனையை) நசுக்கிப் பொருத்தும் கருவியால் இறுக்குங்கள். ஈயப் பற்று வைத்தால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். வண்டியின் அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரைக் கம்பி கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். கதவோர மிதியின் அடியில் கொண்டுபோகும்போது, காற்றுப்பைக்கான மஞ்சள் உறைக் கம்பிகளை நெருங்காதீர்கள்.

என் முதல் நிறுவலில் முன்பலகையின் வோல்ட்மீட்டர் 13.6 காட்டியது. பெருக்கியோ பேச்சின் நடுவே அணைந்து அணைந்து எரிந்தது. பெருக்கிதான் பழுது என்று இரண்டு வாரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேசி முடித்த கையோடு ஃபியூஸ் கூட்டை எதேச்சையாகத் தொட்டேன், விரல் பின்வாங்கியது. கூட்டின் பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே திருகு முக்கால் சுற்று தளர்வு. ஓர் இணைப்பில் 10 மில்லி ஓம் இருந்தால் 70 ஆம்பியரில் 0.7 வோல்ட் போவது மட்டுமல்ல, அந்தச் சிறு இடத்தில் 49 வாட் சூடு பிறக்கிறது. ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை அங்கே செருகி வைத்தது போல.

ஐந்தாம் படி: ஃபியூஸும் எர்த்தும்

ஃபியூஸ் காப்பது கம்பியை, கருவியை அல்ல. ஆகவே அது பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். டிக்கியில் பெருக்கிக்குப் பக்கத்தில் வைத்த ஃபியூஸ், நடுவழியில் கம்பி உடலோடு உரசித் தீப்பிடிக்கும்போது வேடிக்கைதான் பார்க்கும். நம் கணக்குக்கு 100 ஆம்பியர், திருகி இறுக்கும் வகை. செருகும் வகை இந்த அளவுக்கு ஆகாது. பின்னால் பகிர்வுக் கட்டையில் பிரித்து, வானொலிக் கருவிக்குப் போகும் மெல்லிய கம்பிக்கு அதற்குரிய 25 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸைத் தனியாகப் போடுங்கள்.

நெகட்டிவ் கம்பியை நேராக பேட்டரி முனையில் மாட்டவேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் வண்டியின் உடலில் இறங்கும் அந்த போல்ட்டிலேயே இணையுங்கள். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, எஞ்சினின் எர்த் பட்டை என்றாவது அறுந்தால், செல்ஃப் அடிக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிவர வழி தேடும். உங்கள் நெகட்டிவ் கம்பி நேராக பேட்டரிக்குப் போனால், அந்த வழி உங்கள் கருவியின் வயிற்றுக்குள்ளாகப் போகலாம். இரண்டாவது, புதிய வண்டிகளில் நெகட்டிவ் முனையிலேயே மின்னோட்டத்தை எண்ணும் சிறு உணரி இருக்கிறது. அதைத் தாண்டி முனையில் மாட்டினால், நீங்கள் செலவழித்தது வண்டியின் கணக்கில் ஏறாது. பேட்டரி நிறைவாக இருக்கிறது என்று நம்பி அது மின்னூட்டத்தைக் குறைத்துவிடும்.

ஆறாம் படி: சோதனை

ஆன்டெனாவைக் கழற்றி, முழுத் திறனையும் தாங்கும் போலிச் சுமையை (திறனை வானில் அனுப்பாமல் சூடாக்கி விழுங்கும் தடையை) மாட்டுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நீண்ட கம்பி வழியாகப் பெருக்கியின் பாசிட்டிவில். மோர்ஸ் முறையில் விசையை மூன்று வினாடி அழுத்துங்கள். மீட்டர் காட்டுவது பாசிட்டிவ் பாதையின் இழப்பு. நெகட்டிவுக்கும் இதையே செய்யுங்கள். கணக்கில் வந்ததை விடக் கூடுதலாக இருந்தால், மீட்டர் முனையை ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், லக், கட்டை என்று நகர்த்திக்கொண்டே போனால் திருடன் அகப்படுவான்.

பிறகு மீட்டரைப் பெருக்கியின் முனைகளில் நேராக மாட்டி, குறைந்த அளவைப் பிடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு இயல்பாகப் பேசுங்கள். 12.5-க்கு மேல் நின்றால் வேலை முடிந்தது. 12-க்குக் கீழே போனால் இன்னும் இருக்கிறது. 13.8-இல் 500 வாட் தரும் பெருக்கி 11.5-இல் 350 அளவுக்கு வந்துவிடும். அந்த இழப்பு காதுக்குத் தெரியவே தெரியாது. தெரிவது வேறு: அழுத்தம் போதாத பெருக்கி பேச்சின் உச்சிகளை வெட்டுகிறது, வெட்டிய சிதறல் பக்கத்து அதிர்வெண்களில் பேசிக்கொண்டிருப்பவர்களின் காதில் போய் விழுகிறது. முன்பலகை வோல்ட்மீட்டரை நம்பாதீர்கள். அது இருக்கும் இடத்தின் வோல்ட்டைத்தான் சொல்லும், அதுவும் நிதானமாக.

போதாவிட்டால் என்ன செய்வது

முதலில் மின்தேக்கியை வாங்காதீர்கள். 1 ஃபாரட் என்று பெரிய எழுத்தில் போட்ட, பளபளக்கும் உருளை. 1 ஃபாரட் மின்தேக்கி ஒரு வோல்ட் இறங்கும்போது தருவது 1 கூலும்; 85 ஆம்பியருக்கு அது 12 மில்லி வினாடி தாங்கும். ‘வணக்கம்’ என்பதில் ‘வ’வுக்கே காணாது.

வோல்ட்டேஜ் உயர்த்தும் பெட்டியும் எனக்குப் பிடிப்பதில்லை. 12-ஐ 13.8 ஆக்கிக் கொடுக்கும், சரி. ஆனால் அதற்காக பேட்டரியிலிருந்து 15 முதல் 25 சதவீதம் கூடுதல் ஆம்பியரை இழுக்கும். ஏற்கனவே மெலிந்த கம்பியில் இழப்பு மேலும் ஏறும். இரைச்சலும் சேரும். கம்பி சரியாக இருந்து, பேட்டரியின் இயல்பான சரிவை மட்டும் ஈடுகட்ட வைத்தால் குறையில்லை.

உண்மையில் உதவுவது பெருக்கிக்கு அருகிலேயே இரண்டாவது பேட்டரி. உச்ச மின்னோட்டம் 5 மீட்டர் பயணிப்பதற்குப் பதில் அரை மீட்டரோடு முடிந்துவிடுகிறது. நீண்ட கம்பியில் ஓடுவது சராசரி மட்டும். உள்ளறையில் வைப்பதால் அமிலம் ததும்பும் பழைய வகை கூடாது. கண்ணாடி இழை மெத்தையுள்ள மூடிய ஏஜிஎம் வகை வேண்டும். அசையாத சட்டத்தில் கட்டவேண்டும். நீண்ட கம்பிக்கு இப்போது இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும் ரிலேயும் வேண்டும். இல்லாவிட்டால் மாலைப் பேச்சுக்குக் காலையில் வண்டி தள்ளவேண்டிவரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வைத்தால் ரிலே போதாது. அது கிடைத்ததையெல்லாம் விழுங்கி ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும். மின்னோட்டத்துக்கு வரம்பு போடும் சார்ஜரை இடையில் வையுங்கள்.

பெரிய ஆல்டர்னேட்டர் கடைசி வழி. மாற்றுவதானால் அதிகபட்ச எண்ணைப் பார்க்காமல் ஐடிலிங் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் கேபிள், எஞ்சின் எர்த், உடல் எர்த் மூன்றையும் கூடவே தடிப்பாக்க வேண்டும்.

சில வண்டிகளுக்குத் தனிக் கவனம். நிறுத்தத்தில் எஞ்சினைத் தானே அணைக்கும் வண்டியில், பேசும் நேரத்துக்கு அந்த வசதியை அணைத்து வையுங்கள். 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12-ஐ எடுத்தால் ஒன்று பட்டினியும் மற்றது அஜீரணமுமாக இரண்டுமே கெடும். 24-ஐ 12 ஆக்கும் மாற்றிப் பெட்டி வேண்டும். மின்சார வண்டியில் ஆல்டர்னேட்டரே இல்லை. பெரிய மின்கலத்திலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட்டைத் தருகிறது, அதன் வரம்பைக் கையேட்டில் பார்க்காமல் ஒரு கம்பியும் மாட்டாதீர்கள். ஆரஞ்சு உறையுள்ள கேபிள் எதையும் எக்காரணத்துக்கும் தொடக்கூடாது.

எஞ்சின் ஓடும்போது எந்த வண்டியிலும் பேட்டரி இணைப்பைக் கழற்றாதீர்கள். சுமை திடீரென விலகிய ஆல்டர்னேட்டர் ஒரு கணம் நூறு வோல்ட் அளவுக்கு எகிறக்கூடும். அந்த ஒரு கணம் கருவிகளுக்குப் போதும். செல்ஃப் அடிக்கும்போது பெருக்கி அணைந்திருக்கட்டும். எஞ்சின் இல்லாமல் பேசுவதானால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம், உச்சச் சுமையில் அந்தப் பாதியும் முழுதாக வராது.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு, நல்ல நீண்ட உரையாடல் ஒன்றை முடித்த கையோடு எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா லக்குகளையும் ஃபியூஸ் கூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் முனைகளைத் தொடும்போது மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். மற்றவற்றை விடச் சூடாக எது இருக்கிறதோ, அதன் திருகில் ஸ்பேனரை வையுங்கள்.